செப்பேடும் ஒலிநாடாவும்: ‘சக்தி’ குழுவின் மீள்வருகைப் பதிவுகளை வரலாற்றுச் சான்றாக வாசித்தல்

திருமலைக் கோயிலின் சங்கீர்த்தன பண்டாரத்தில் தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாரும் (1408–1503) அவர் வழிவந்தோரும் இயற்றிய பல்லாயிரம் பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுப் பல நூற்றாண்டுகள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவை ஆய்வாளரின் கவனத்துக்கு மீண்டும் வந்து, படிப்படியாக அச்சேறின. ஏடுகளில் சாகித்தியம் இருந்தது. பாடலின் தலைப்பில் இராகத்தின் பெயரும் இருந்தது. அவற்றை எப்படிப் பாடினார்கள் என்பது மட்டும் இல்லை. வாய்வழித் தொடர்ச்சி அறுந்துபோயிருந்தமையால் ராள்ளப்பள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்றோர் புதிதாக மெட்டமைத்தனர். 1980ஐ ஒட்டி எம். எஸ். சுப்புலட்சுமி திருப்பதி தேவஸ்தானத்துக்காகப் பாடிய ‘பாலாஜி பஞ்சரத்னமாலா’ ஐந்து இசைத்தட்டுகளாக வெளிவந்து வீடுதோறும் ஒலித்தது. இன்று ‘அன்னமய்யாவின் பாட்டு’ என்று காதில் விழுவதில் சொல் பதினைந்தாம் நூற்றாண்டினது. ஒலி இருபதாம் நூற்றாண்டினது. இசைத்தட்டு பரவிய வேகத்தில் இந்த வேறுபாடு கேட்போர் நினைவிலிருந்து ஏறக்குறைய அகன்றுவிட்டது.

திருப்பதிக்கு அண்மையிலுள்ள சித்தூரின் பெயரைத் தாங்கிய சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் (1898–1975) குருமரபு இச்சிக்கலின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அவருடைய குரு காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934). பல்லவியிலும் லயத்திலும் பெரும்புலமை பெற்றவர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் எனத் தாளக் கலைஞர் பலர் புடைசூழப் பாடும் ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரிகளுக்குப் பெயர்போனவர். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை அவருக்குப் பக்கம் வாசித்திருக்கிறார். ஆயினும் நயினாப் பிள்ளை இசைத்தட்டுக்குப் பாட இசையவில்லை. அவர் குரல் பதிவாகவில்லை. சீடர் காலத்தில் இசைத்தட்டு வழக்கமாகிவிட்டது. சுப்பிரமணிய பிள்ளை தட்டுகளில் பாடினார்; 1954இல் சங்கீத கலாநிதி ஆனார். ஆனால் அன்றைய 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும். பல மணி நேரம் நீளும் கச்சேரியில் ஐந்து தாள வாத்தியங்கள் ஒன்றோடொன்று உரையாடிய முறையை அந்த மூன்று நிமிடத்தில் வைக்க இயலாது. சீடரின் குரல் எஞ்சியது. குருவின் மேடை எஞ்சவில்லை.

எழுத்து எஞ்சி ஒலி அழிவது ஒன்று. ஒலியின் துணுக்கு எஞ்சி நிகழ்வு அழிவது மற்றொன்று. மனோதர்மத்தை உயிராகக் கொண்ட இசைக்கு வரலாறு எழுதுவோர் எதைச் சான்றாகக் கொள்வது என்ற வினா இவ்விரண்டிலிருந்தும் எழுகிறது. நேரடிக் கச்சேரிப் பதிவே முதன்மைச் சான்று என்பது எளிய விடை. அந்த விடை எவ்வளவு தூரம் செல்லும் என்று சோதித்துப் பார்க்க ஏற்ற தொகுதி, ராக் இசை மேடையிலிருந்து வந்த ஒரு கிதார் கலைஞரும் இந்தியக் கலைஞர்களும் சேர்ந்து நடத்திய ‘சக்தி’ குழுவின் பதிவுகள். குறிப்பாக, இருபதாண்டு இடைவெளிக்குப் பின் 1997இல் தொடங்கிய அதன் மீள்வருகைப் பயணப் பதிவுகள்.

ஜான் மெக்லாஃப்லின் 1942இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். 1969இல் மைல்ஸ் டேவிஸின் ஒலிப்பதிவுகளில் வாசித்தார். 1971இல் ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’வைத் தொடங்கி, ராக் இசையின் உரத்த மின்கிதாரையும் ஜாஸின் தனிவாசிப்பையும் ஒருங்கிணைத்துப் புகழ்பெற்றார். அப்புகழின் உச்சத்திலேயே அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். அத்தொடர்பின் வழியே வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் டி. எச். விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன் ஆகியோருடன் ‘சக்தி’ உருவாயிற்று. மின்கிதாரை விடுத்து, கிப்சன் நிறுவனத்தில் ஏப் வெக்டர் செய்துகொடுத்த தனிவகைக் கிதாரை அவர் ஏந்தினார். அதன் மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. வழக்கமான கிதாரில் தந்தி மரத்தில் முட்டி நிற்குமிடத்தில், இதில் மேலும் அழுத்தவும் வளைக்கவும் இடம் கிடைத்தது. கமகத்துக்கு அதுவே வழி. ஒலித்துளையின் குறுக்கே சாய்வாகக் கட்டிய ஏழு தந்திகள் சுருதிக்குத் துணைநின்றன.

குழுவின் முதல் வெளியீடே ஒரு நேரடிப் பதிவுதான் என்பது கவனத்திற்குரியது. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவிலுள்ள சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரி அது. தட்டில் மூன்றே உருப்படிகள். முதலாவதான ‘ஜாய்’ பதினெட்டு நிமிடம். மூன்றாவது இருபத்தொன்பது நிமிடம். இடையே ‘லோட்டஸ் ஃபீட்’ ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. வேகமான முதல் உருப்படி, நடுவே ஓய்வான சிறு பாட்டு, பின்னர் விரிவான வாசிப்பு, அதனுள்ளே தாளக் கலைஞரின் பரிமாற்றம் என்ற அமைப்பு கருநாடகக் கச்சேரியின் வரிசையை அறிந்த காதுக்குப் புதிதன்று. ஒருவர் வாசித்த சொற்கட்டை மற்றவர் திருப்பித் தருவதும், அளவு குறுகிக் குறுகிக் கோர்வையில் முடிவதும் தனி ஆவர்த்தனத்தின் இலக்கணமே. நயினாப் பிள்ளையின் மேடையில் தட்டுக்குள் அடங்காமற்போன அதே வகையான உரையாடல், ஒலிநாடாவும் நெடுநேர இசைத்தட்டும் வந்தபின் இங்கே பதிவாகக் கிடைக்கிறது.

அடுத்து வந்த இரண்டும் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானவை: 1976இல் ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’, 1977இல் ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’. இவற்றில் ராகவன் இல்லை. உருப்படிகளின் நீளம் படிப்படியாகச் சுருங்குவதைத் தட்டுகளின் உறையைப் பார்த்தே அறியலாம். மூன்றாம் தட்டில் பெரும்பாலானவை ஐந்தாறு நிமிடத்தைச் சுற்றியே நிற்கின்றன. இம்மூன்றை மட்டும் வரிசையாகக் கேட்பவர், குழு கச்சேரி முறையிலிருந்து விலகிக் கட்டமைந்த சிறு பாடல்களுக்குச் சென்றுவிட்டது, அத்துடன் கலைந்தது என்று எழுதிவிடக்கூடும். 2003இல் மெக்லாஃப்லினின் மான்த்ரோ விழாக் கச்சேரிகள் 17 குறுந்தகடுகளாக வெளிவந்தபோது, சக்தியின் 1976, 1977 மேடைகளும் அவற்றுள் இடம்பெற்றன. கூடத்தில் சிறு பாடல்களைப் பதிந்த அதே ஆண்டுகளில் அதே நால்வர் அவையோர் முன் எப்படி வாசித்தனர் என்பது கால் நூற்றாண்டுக்குப் பின்னரே பொதுக் கேள்விக்கு வந்தது. தட்டுகளின் வரலாறும் குழுவின் வரலாறும் ஒன்றல்ல என்பதற்கு இத்தொகுதியே போதிய சான்று.

1970களின் இறுதியில் சக்தி கலைந்தது. 1997 செப்டம்பரில் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் பிரிட்டனில் மீண்டும் மேடையேறியது. மெக்லாஃப்லின், ஜாகிர் உசேன், விநாயக்ராம் மூவரும் பழையவர்கள். எல். சங்கர் இல்லை, அவ்விடத்தில் புல்லாங்குழலுடன் ஹரிபிரசாத் சௌராசியா அமர்ந்தார். பழைய தனிவகைக் கிதாருக்குப் பதில் மின்கிதார் வந்தது. ஆனால் மகாவிஷ்ணு நாள்களின் உரத்த ஒலியோடு அன்று, மென்மையான தொனியோடு. 1999இல் இரட்டைக் குறுந்தகடாக வெளிவந்த இப்பதிவில் ‘முக்தி’ என்னும் ஓர் உருப்படி மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் செல்கிறது. ‘சந்திரகௌன்ஸ்’ அரை மணிக்கும் கூடுதல். பழைய நெடுநேர இசைத்தட்டில் ‘முக்தி’யை இரண்டு மூன்று பக்கங்களாக வெட்டியே தந்திருக்க முடியும். குறுந்தகட்டின் கொள்ளளவு விரிந்ததும், ஒரு வாசிப்பு முழுமையாக எஞ்சியது. மூன்று நிமிடத் தட்டு சித்தூரார் காலத்து இசையை எப்படிச் சுருக்கியதோ, அதன் எதிர்ப்புறத்தில் இந்த நிகழ்வை வைத்துக் காணலாம்.

இரு காலப் பதிவுகளிலும் இடம்பெறும் ‘லோட்டஸ் ஃபீட்’ ஒப்பீட்டுக்கு அரிய வாய்ப்பைத் தருகிறது. 1975இல் மெட்டைச் சுமப்பதில் வயலினுக்குப் பெரும்பங்கு. 1997இல் அப்பங்கு குழலினுடையது. நீளமும் ஐந்து நிமிடத்திலிருந்து ஏழு நிமிடமாகிறது. வில்லின் இழுப்பால் எழும் தொடர்ச்சியும் மூச்சின் எல்லைக்குட்பட்ட தொடர்ச்சியும் வேறுவேறானவை. அதற்கேற்பச் சொற்றொடர்கள் முடியும் இடமும் நிதானமும் மாறுகின்றன. தென்னக வயலின் விலகி வடபுலக் குழல் வந்தமையால் குழுவின் இசைச் சமநிலையே 1997இல் இந்துஸ்தானி பக்கம் சாய்ந்தது எனலாம். ‘மீள்வருகை’ என்ற சொல் பழையது அப்படியே திரும்பியது போன்ற தோற்றத்தைத் தருகிறது. பதிவு அத்தோற்றத்தை மறுக்கிறது.

அந்தச் சாய்வும் நிலைக்கவில்லை. 1999ஆம் ஆண்டின் மேடைகளிலிருந்து தொகுத்து 2000இல் வெளிவந்த ‘தி பிலீவர்’ பதிவில் ஆந்திரத்தின் பாலகொல்லில் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ் மாண்டலினுடன் வருகிறார். விநாயக்ராமின் இடத்தில் அவர் மகன் வி. செல்வகணேஷ் கஞ்சிராவும் கடமும் வாசிக்கிறார். ஸ்ரீநிவாஸின் கருவியும் மின்னொலி பெற்றதே. மேற்கத்திய மின்கருவி ஒன்றில் கமகத்தைக் கொண்டுவர மெக்லாஃப்லின் 1970களில் தேடிய வழியை, ஸ்ரீநிவாஸ் சிறுவனாக இருந்தபோதே கருநாடக மேடையில் வேறுவிதமாகக் கண்டடைந்திருந்தார். அவ்விருவரும் அடுத்தடுத்து ஒரே சொற்றொடரை வாசிக்கும் இடங்கள் இப்பதிவின் சிறந்த பகுதிகள். 2000 டிசம்பரில் மும்பையில் பதிவாகி 2001இல் வெளிவந்த ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’யில் சங்கர் மகாதேவனின் குரல், ஷிவ்குமார் சர்மாவின் சந்தூர், சிவமணியின் தாளம், தவில் என அரங்கு நிறைகிறது. ஆகவே, 1999 முதல் 2001 வரை அடுத்தடுத்து வெளியான மூன்று நேரடிப் பதிவுகளில் ஒரே பெயரின் கீழ் மூன்று வேறு குழுக்கள் ஒலிக்கின்றன. தலைமுறை மாற்றத்தைப் பதிவு வழியே நாள்குறித்துக் காட்டக்கூடிய இத்தகைய வாய்ப்பு இந்திய இசை வரலாற்றில் அரிது.

எனினும் வெளியீட்டை நிகழ்வாகவே கொள்வது பிழை. ஆல்பத்துக்குரிய பகுதிகள் தெரிந்தெடுக்கப்படுகின்றன, வரிசை மாறக்கூடும், ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியளவையும் பின்னர் ஒருவர் அமைக்கிறார். கடம் மேடையில் எவ்வளவு கேட்டது, ஒலிபெருக்கியில் எவ்வளவு கேட்டது, தட்டில் எவ்வளவு கேட்கிறது என்பன மூன்று வினாக்கள். முன்னணியில் அச்சிடப்படும் பெயரும் ஒரு தெரிவே. முதல் தட்டு ‘சக்தி, ஜான் மெக்லாஃப்லினுடன்’ என்ற பொருளில் பெயர் பெற்றது; சந்தைக்கு அறிமுகமான பெயர் அதுவே என்பது காரணமாகலாம். உள்ளே ஒலிப்பது தலைவரும் பக்கவாத்தியமும் அன்று, சமமானவர்களின் உரையாடல். செப்பேட்டைப் படிப்போர் பொறித்தவர் யார், பொறிக்கச் சொன்னவர் யார் என்று கேட்பது போலவே, ஒலிநாடாவைக் கேட்போரும் பதிந்தவர் யார், தெரிந்தவர் யார், விடுபட்டவை எங்கே உள்ளன என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இவ்வினாக்களுக்கு விடைசொல்லக்கூடியோர் குறைந்து வருகின்றனர். ஸ்ரீநிவாஸ் 2014 செப்டம்பரில் 45ஆம் அகவையில் சென்னையில் மறைந்தார். 2023இல் ஜாகிர் உசேன், சங்கர் மகாதேவன், செல்வகணேஷ், வயலின் கணேஷ் ராஜகோபாலன் ஆகியோருடன் சக்தி தன் ஐம்பதாம் ஆண்டுப் பயணத்தை நடத்தியது. அவ்வாண்டு வெளிவந்த ‘திஸ் மோமென்ட்’ 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் மறைந்தார். அப்பயணத்தின் மேடைப் பதிவுகள் 2025இல் ‘மைண்ட் எக்ஸ்ப்ளோஷன்’ என்ற பெயரில் வெளியானபோது, தொடக்கம் முதல் குழுவின் தாளத்தைத் தாங்கியவர் அதைக் கேட்க இல்லை.

பெரிய நிறுவனங்களின் துணைபெற்ற குழுவுக்கே நிலை இதுவென்றால், தென்னக சபைகளின் ஒலிநாடாக்கள் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. காந்த நாடாவில் துகள்களைப் பிணைத்திருக்கும் பசை ஈரப்பதத்தை உறிஞ்சிச் சிதைகிறது. 1970, 80களின் நாடாக்கள் பல, ஓட்டும்போதே ஒட்டிக்கொண்டு உரிகின்றன. 1980இல் சென்னையில் தொடங்கிய ‘சம்பிரதாயா’ ஆவணக் காப்பகமும், 1982இல் அமைந்து பின்னர் குருகிராமில் நிலைத்த இனவரைவிசை ஆவண மையமும் செய்துள்ள பணி பெரிது. வீட்டு அலமாரிகளிலும் கோயில் விழாக் குழுக்களிடமும் உள்ளவை அதனினும் பெரிது. செம்பு ஐந்நூறு ஆண்டு தாங்கியது. அதில் மெட்டு இல்லை. நாடாவில் மெட்டும் மூச்சும் கைதட்டலும் உண்டு. ஐம்பதாண்டு தாங்குவதே ஐயம். சித்தூரிலும் திருப்பதியிலும் சென்ற நூற்றாண்டில் நடந்த கச்சேரிகளை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள விரும்பும் மாணவர் எவராயினும், இராகப் பட்டியலைத் தொகுப்பதற்கு முன்னர் அந்நாடாக்கள் இருக்கும் இடத்தையும் நிலையையும் பதிந்தவர் பெயரையும் குறித்துக்கொள்வதிலிருந்து தொடங்குவதே முறை.