ஓமிவா ஆலயம்

ஜப்பானின் நாரா மாநிலத்தில், சகுராய் நகரிலுள்ள மிவா மலையின் அடிவாரத்தில் உள்ள ஷிண்டோ ஆலயம். அந்நாட்டின் மிகப் பழைய ஆலயங்களுள் ஒன்றாக இதைக் கருதுகிறார்கள். 712-இல் முடிந்த கோஜிகி, 720-இல் முடிந்த நிஹோன் ஷோகி ஆகிய இரு நூல்களும் இத்தலத்தின் தெய்வமான ஓமோனோனுஷியைப் பற்றிப் பேசுகின்றன.

இங்கே கருவறை கிடையாது. 467 மீட்டர் உயரமுள்ள மலைதான் தெய்வத் திருமேனி. தேவதாரு மரங்கள் நிழல் தரும் பாதையில் நடந்து படியேறினால், நான்காம் தொகுகாவா ஷோகன் இயெத்சுனா 1664-இல் எழுப்பிய வழிபாட்டு மண்டபம் வரும். அதன் முன் நின்று, மலையை நோக்கி இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிந்து வணங்குகிறார்கள். மண்டபத்துக்குப் பின்னால், மூன்று தோரீ வாயில்கள் ஒன்றாக இணைந்த அரிய அமைப்பு இருக்கிறது. அதற்கு அப்பால் காடு. அந்தக் காட்டைக் காடாகவே காத்துவந்ததுதான் இத்தலத்தின் ஆகப்பெரிய அருஞ்செயல்.

முற்றத்தில் நிற்கும் முதிய தேவதாருவின் அடியில் கோழிமுட்டைகளும் சாகே மதுவும் படைக்கப்பட்டிருக்கும். தெய்வம் பாம்பாக இம்மரத்தில் உறைவதாக நம்பிக்கை. நிஹோன் ஷோகி சொல்லும் கதையில், இரவில் மட்டுமே வரும் கணவனின் முகத்தைக் காண இளவரசி மொமோசோ ஆசைப்படுகிறாள். மறுநாள் காலை அவளுடைய சீப்புப் பெட்டியில் அழகிய குட்டிப்பாம்பு ஒன்று கிடக்கிறது. அவள் அலறியதும், வெட்கிய தெய்வம் மலைக்கே திரும்பிவிடுகிறது, அவளும் இறந்துபோகிறாள். அருகிலுள்ள ஹாஷிஹாகா என்னும், ஏறத்தாழ 280 மீட்டர் நீளமான புதைமேடு அவளுடையது என்பது மரபு.

ஓமோனோனுஷி மது வடிப்போரின் காவல் தெய்வமும்கூட. ஆண்டுதோறும் நவம்பர் 14 அன்று சாகே தயாரிப்பாளர்கள் இங்கே கூடி, அவ்வாண்டு வடிப்பு நல்லபடி முடிய வேண்டிக்கொள்கிறார்கள். மதுவாலைகளின் வாசலில் தொங்கும் தேவதாரு இலைப் பந்து இத்தலத்தோடு தொடர்புடையது. புதிதாகக் கட்டும்போது பச்சை. மாதங்கள் செல்லச்செல்லப் பழுப்பு.

மலையேற விரும்புவோர், வளாகத்தில் உள்ள சாய் ஆலயத்தில் பெயரைப் பதிந்து, கட்டணம் செலுத்தி, மணி கோத்த வெள்ளைப் பட்டையைக் கழுத்தில் அணிய வேண்டும். மேலே புகைப்படம் எடுக்கவோ சாப்பிடவோ கூடாது, தண்ணீர் குடிக்கலாம்.

மிவா ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். இவ்வூர் சோமென் என்னும் நூலிழைபோன்ற கோதுமைச் சேமியாவுக்கும் பேர்போனது. பாதையோரக் கடைகளில் கோடையில் அதைக் குளிரவைத்தும், குளிர்காலத்தில் சூடான சாற்றிலும் பரிமாறுகிறார்கள்.