கப்பல் ஏறினவரைத் தேடுறது எப்படி?

"குடும்ப வரலாற்றை ஆன்லைன்ல தேடணும், எங்க ஆரம்பிக்கிறது?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நான் மாட்டிக்கிட்டு முழிச்ச ஒரு தேடலையே சொல்றேன்.

என் பாட்டியோட தாத்தாவுக்கு ஒரு தம்பி. ஆரணி பக்கம் ஊரு. "நேட்டாலுக்குக் கப்பல் ஏறினார், திரும்பி வரல." வீட்ல இருந்த மொத்த டேட்டாவும் இவ்வளவுதான். பேரு முனுசாமின்னு வச்சுக்கோங்க.

நேட்டால்ங்கறது தென்னாப்பிரிக்காவுல டர்பன் இருக்கிற பகுதி. அங்க கரும்புத் தோட்டத்துல வேலை செய்ய இங்கேருந்து ஒப்பந்தக் கூலிகளா ஆளுங்களைக் கொண்டு போனாங்க. மெட்ராஸ்ல கிளம்பின 'ட்ரூரோ'ங்கிற முதல் கப்பல் 1860 நவம்பர் 16 அன்னைக்கு டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911-ல நிறுத்துற வரைக்கும் சுமார் 1,52,000 பேர் போயிருக்காங்க. பெரும்பாலானவங்க மெட்ராஸ் வழியாத்தான்.

ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர். பக்கத்துல பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடம்புல இருக்கிற தழும்பு வரைக்கும் எழுதியிருக்காங்க. மனுஷனை சரக்கு மாதிரி எண்ணி வச்ச கணக்கு அது. படிக்கப் படிக்கக் கோபம் வரும். ஆனா ஊர்ல ஒரு பத்திரத்துல கூட பேர் இல்லாத ஏழைங்களுக்கு, பல சமயம் மிஞ்சியிருக்கிற ஒரே எழுத்துச் சான்று அதுதான். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தோட காந்தி-லுத்துலி ஆவண மையம் இந்தக் கப்பல் பட்டியல்களை இணையத்துல போட்டிருக்காங்க.

நான் முனுசாமின்னு ஆங்கிலத்துல அடிச்சேன். ஆள் இல்ல! குமாஸ்தா காதுல விழுந்ததைத்தான் எழுதியிருக்கார். முனுசாமி 'மூன்சாமி' ஆயிட்டார், கவுண்டர் 'கோவெண்டர்' ஆயிட்டார். தென்னாப்பிரிக்காவுல இன்னைக்கும் அதெல்லாம் குடும்பப் பெயர்கள். அதனால முழுப் பேரைத் தேடாதீங்க, பாதியை மட்டும் அடிங்க. இன்னொண்ணு, அப்பா பேரைக் கண்டிப்பா வச்சுத் தேடுங்க. ஏகப்பட்ட முனுசாமி இருப்பாங்க. அப்பா பேரும் ஊரும் சேர்ந்து பொருந்தறவங்க ரொம்பக் கம்மி. அந்த அப்பா பேரு எந்த சர்வர்லயும் இல்ல, பாட்டிகிட்டதான் இருந்துச்சு.

ஜில்லாவையும் அன்னைக்கு இருந்த மேப்ல பாக்கணும். ஆரணி அப்போ வட ஆற்காடு. அந்த ஜில்லாவுக்கு 1911 வரைக்கும் தலைநகரமே சித்தூர்தான். அதனால 'வட ஆற்காடு'ன்னு பார்த்ததும் வேலூர், திருவண்ணாமலைன்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க. அந்தக் கிராமம் இப்போ ஆந்திராவுல கூட இருக்கலாம்.

கடைசியா ஒருத்தர் கிடைச்சார். அப்பா பேரு சரி, கிராமம் கிட்டத்தட்ட சரி, வயசும் ஒத்துப்போகுது. ஜாதி மட்டும் வேற. என் எஞ்சினியர் மூளை உடனே 'மிஸ்மேட்ச், தூக்கிப் போடு'ன்னு சொல்லிடுச்சு.

பாட்டிகிட்ட படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "கப்பல்ல யாருடா வந்து சரி பாக்கப் போறாங்க? வேற சொல்லியிருப்பாரு"ன்னாங்க. அப்படி மாத்திச் சொன்னவங்க உண்டுன்னு ஆய்வாளர்களும் எழுதியிருக்காங்க. குமாஸ்தா தப்பா எழுதியிருக்கலாம். இல்ல, அவர் வேற யாரோவா கூட இருக்கலாம். அதனால எங்க வம்சாவளி ஃபைல்ல அவர் பேருக்குப் பக்கத்துல இன்னும் கேள்விக்குறி போட்டுத்தான் வச்சிருக்கேன்.

பாட்டிக்கு அந்தக் கேள்விக்குறியெல்லாம் பிடிக்கல. நம்பரை ஒரு சீட்டுல எழுதி வாங்கி, சாமி படத்துக்குப் பின்னாடி வச்சுட்டாங்க. நான் இப்போ அதே நம்பரை வச்சு, அவர் எந்தத் தோட்டத்துக்குப் போனார்னு தேடிட்டு இருக்கேன்.