டெல் மேசைக் கணினிகளில் தாய்ப்பலகை மாற்றம்

தாய்ப்பலகை மாற்றம் என்பது கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையை அகற்றிப் புதியதொன்றைப் பொருத்துதல் ஆகும். 1995 இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் சீர்தரம் பலகையின் அளவு, திருகாணித் துளைகளின் இடம், மின்னிணைப்பு ஆகியவற்றை வரையறுத்தது. இதனால் ஒரு நிறுவனத்தின் பலகையை மற்றொன்றின் பெட்டியில் பொருத்துவது பொதுவாக இயலும். எனினும் வணிகப்பெயர் கொண்ட கணினிகள் பல இச்சீர்தரத்திலிருந்து விலகியவை.

மின்னிணைப்பு

1998 முதல் சில ஆண்டுகள் வரை டெல் நிறுவனம் விற்ற கணினிகள் பலவற்றில் 20 ஊசி மின்னிணைப்பி, வடிவில் ஏடிஎக்ஸ் இணைப்பியை ஒத்திருந்தது; கம்பிகளின் வரிசையோ வேறு. 3.3 வோல்ட்டு மின்சாரம் தனியாக 6 ஊசித் துணை இணைப்பி வழியே அளிக்கப்பட்டது. இணைப்பிகள் தடையின்றிப் பொருந்துவதால் பிழை கண்ணுக்குப் புலப்படாது. சீர்தரப் பலகையை இத்தகைய மின்வழங்கியுடன் இணைத்து இயக்கினால் பலகையோ, மின்வழங்கியோ, இரண்டுமோ எரிந்துபோகக்கூடும். எனவே இக்கணினிகளில் பலகையுடன் மின்வழங்கியையும் மாற்ற வேண்டும், அல்லது அதற்கெனச் செய்யப்பட்ட தகவியைப் பயன்படுத்த வேண்டும்.

பிற கூறுகள்

- நினைவகம்: எஸ்டிஆர், டிடிஆர், டிடிஆர்2 ஆகியவற்றின் வெட்டுக்குறிகள் வெவ்வேறு இடங்களில் உள்ளன. ஒன்றின் செருகுவாயில் மற்றொன்று பொருந்தாது.
- முன்பக்கப் பொத்தான்: இதன் கம்பிகள் ஒரே தனிவகை இணைப்பியில் முடிவதுண்டு. அவற்றைப் புதிய பலகையில் பிரித்து இணைக்க நேரும்.
- இயங்குதள உரிமம்: கணினியுடன் வந்த விண்டோசு உரிமம் அக்கணினிக்கு மட்டும் உரியது. பழுதின் பொருட்டன்றி மேம்படுத்தலுக்காகப் பலகையை மாற்றினால், மைக்ரோசாப்ட் அதனைப் புதிய கணினியாகக் கருதுகிறது.