அளவீட்டுக் கருவிகளின் கனெக்டர்கள்

ஆசிலாஸ்கோப், சிக்னல் ஜெனரேட்டர், வோல்ட்மீட்டர் முதலிய மின்னணு அளவீட்டுக் கருவிகளில் கேபிள் வந்து சேரும் வாய்க்குக் கனெக்டர் என்று பெயர். 1920களிலிருந்து இன்றுவரை இதன் வடிவம் பலமுறை மாறியிருக்கிறது. பழைய வடிவம் ஒழிவதற்குள் புதியது வந்துவிடுவதால், மூன்று தலைமுறைக் கருவிகளை ஒரே மேசையில் வைத்தால் ஒன்றின் கேபிள் மற்றொன்றில் ஏறுவதில்லை. ஏறாததால் பெரிய கேடு இல்லை. அடாப்டர் ஒன்று வாங்கினால் தீரும். ஏறுவதுபோல் ஏறி ஊசியை நசுக்குபவை, மரையைத் தின்பவை, சத்தமில்லாமல் அளவைப் பிழையாக்குபவை ஆகியவையே பழைய கருவிகளைப் பயன்படுத்துவோருக்கு உண்மையான தொல்லை.

தொடக்கக் காலம்

வானொலியின் முதல் பத்தாண்டுகளில் திருகிப் பிடிக்கும் முனைகளே போதுமானவையாக இருந்தன. 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள பனானா பிளக் 1924 வாக்கில் வந்தது. ஜெர்மானியர் இதை ரிச்சர்டு ஹிர்ஷ்மானின் ஆக்கம் என்பர். அமெரிக்க நூல்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஜெனரல் ரேடியோ நிறுவனத்துக்குப் பெருமை தருகின்றன. இருவரும் தனித்தனியே செய்திருக்கலாம். இரண்டு பிளக்குகளுக்கு இடையே முக்கால் அங்குலம், அதாவது சுமார் 19 மில்லிமீட்டர், இடைவெளி விடும் வழக்கம் அமெரிக்கக் கருவிகளில் நிலைத்து, இன்றும் மாறவில்லை. ஐரோப்பிய மின்சார சாக்கெட்டின் துளைகளும் ஏறக்குறைய இதே இடைவெளியில் அமைந்திருப்பதால், இரட்டைப் பனானா பிளக்கைச் சுவரில் செருகிவிடும் ஆபத்து அங்கு உண்டு.

யு.எச்.எஃப். கனெக்டர்

1930களில் ஆம்ஃபினால் நிறுவனத்தின் கிளார்க் குவாக்கன்புஷ், பனானா பிளக்கைச் சுற்றி உலோகக் கவசமும் திருகு வளையமும் அமைத்தார் என்று கொள்ளப்படுகிறது. பி.எல்.-259 என்ற பிளக்கும் எஸ்.ஓ.-239 என்ற சாக்கெட்டும் இந்த இணையைச் சேர்ந்தவை. அந்நாளில் 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதெல்லாம் மிகை அதிர்வெண் என்று கருதப்பட்டதால் யு.எச்.எஃப். என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இதன் இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்குக் காட்டும் மின்மறுப்பு, ஒரே சீராக இல்லை. சில நூறு மெகாஹெர்ட்ஸைத் தாண்டினால் சிக்னலின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும்.

டெக்ட்ரானிக்ஸ் 1947-இல் வெளியிட்ட 511 ஆசிலாஸ்கோப்பின் வாயில் இதுவே இருந்தது. அக்கருவி காட்டியது 10 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு இந்தக் கனெக்டர் தாராளம். 1950களின் 530, 540 வரிசைகளின் செருகு பெட்டிகளிலும் இதையே காணலாம். 1960களின் தொடக்கத்தில் அதே பெட்டிகள், அதே மாடல் எண்ணோடு, கீழே வரும் பி.என்.சி. வகை வாயுடன் வரத் தொடங்கின. ஆகவே மாடல் எண்ணை மட்டும் நம்பி கேபிளோ, சுற்றைத் தொட்டு அளவெடுக்கும் புரோபோ வாங்குபவருக்குப் பாதி வேளை ஏமாற்றம் மிஞ்சும். கருவியின் முகப்பைப் பார்த்தே வாங்க வேண்டும். அடாப்டர் கைவசம் இல்லாதவருக்கு ஒரு வழி உண்டு. எஸ்.ஓ.-239-இன் நடுத்துளையில் சாதாரண பனானா பிளக் கச்சிதமாக உட்காரும். பிறந்த வீட்டு உறவு விட்டுப்போகவில்லை.

யு.எச்.எஃப். கனெக்டரின் வெளி மரை அங்குலத்துக்கு 24 சுற்று கொண்ட ஐந்தெட்டு அங்குல மரை. பின்னால் வந்த என் வகைக்கும் மரை அதுவே; நடு ஊசியின் தடிமன் வேறு. ஒன்றை மற்றொன்றில் திருகத் தொடங்கும்போது கைக்குச் சரியாகப் படும்; தவறு உள்ளே ஊசியில்தான் தெரியும்.

என் வகையும் பி.என்.சி.யும்

என் வகை 1940களில் பெல் ஆய்வகத்தின் பால் நீல் பெயரால் வந்தது. பின்னாளில் திருத்தப்பட்டு 18 கிகாஹெர்ட்ஸ் வரை பயன்படலாயிற்று. கால் சுற்றில் பூட்டிக்கொள்ளும் பி.என்.சி.யின் வரலாறு அவ்வளவு தெளிவாக இல்லை. நடுவிலும் ஈற்றிலும் உள்ள எழுத்துகள் நீலையும், ஆம்ஃபினாலின் கார்ல் கான்சல்மனையும் குறிப்பன என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பிரிட்டிஷ் கடற்படையோடு சேர்த்துச் சொல்லும் விளக்கம் பிற்காலத்து ஊகமாகவே தோன்றுகிறது. இன்னொரு பக்கம், ஹேசல்டைன் நிறுவனத்தில் பணியாற்றிய ஆக்டேவியோ சலாட்டி இதன் அடிப்படையான அமைப்புக்கு 1945-இல் விண்ணப்பித்து 1951-இல் காப்புரிமை பெற்றார். வடிவத்தில் யார் பங்கு எவ்வளவு என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை.

இரு வகைகளிலும் 50 ஓம், 75 ஓம் என இரண்டு உண்டு. பி.என்.சி.யில் இரண்டும் பெரும்பாலும் கேடின்றிச் சேர்ந்துவிடும். ஆனால் 50 ஓம் கேபிளை 75 ஓமில் முடித்தால் சிக்னல் மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வரும். திரையைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. என் வகையில் நிலைமை கடுமை. 75 ஓம் பெண் கனெக்டரின் துளை மெல்லிய ஊசிக்கென்று செய்யப்பட்டது. அதில் 50 ஓம் ஆண் கனெக்டரின் தடித்த ஊசி ஏறினால் உள்ளே ஊசியைப் பற்றும் விரல்கள் விரிந்து, மறுபடி சேர்வதில்லை. அதன்பிறகு சரியான 75 ஓம் ஊசியைச் செருகினாலும் தொட்டும் தொடாமலும் நிற்கும். வெளியே இரண்டும் ஒரே தோற்றம். நடு ஊசியை உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஜெனரல் ரேடியோ 874

இக்கனெக்டரைப் பற்றிக் கிடைக்கும் செய்தி மற்றெல்லாவற்றையும்விட அதிகம். 1915-இல் தொடங்கிய ஜெனரல் ரேடியோ, 1926 முதல் ‘எக்ஸ்பெரிமென்டர்’ என்ற இதழை நடத்தி, தன் பொறியாளர்கள் செய்ததையும் செய்த காரணத்தையும் விரிவாக அச்சிட்டது. மற்ற நிறுவனங்களின் கனெக்டர்களுக்கு விலைப்பட்டியல் மிஞ்சியது. இதற்குப் பொறியாளர்களின் சிந்தனைப்போக்கே மிஞ்சியிருக்கிறது.

எட்வர்டு கார்ப்ளஸ், ஹெரால்டு வில்சன், வில்லியம் தர்ஸ்டன் ஆகிய மூவரும் 1940களில் வடிவமைத்த 874-இல் ஆண், பெண் என்ற பேதம் கிடையாது. எந்த 874-உம் எந்த 874-உடனும் சேரும். உள் கடத்தி, வெளிக் கடத்தி இரண்டும் நீளவாக்கில் நான்காகப் பிளந்த குழாய்கள். எதிரெதிரான இரண்டு இதழ்கள் சற்றே உள்வாங்கியிருக்கும். இன்னொன்றைக் கால் சுற்றுத் திருப்பி எதிரே வைத்து அழுத்தினால் இதன் இதழ் அதன் இடைவெளியிலும் அதன் இதழ் இதன் இடைவெளியிலுமாகச் செருகி, உரசிப் பிடித்துக்கொள்ளும். திருக வேண்டாம், பூட்ட வேண்டாம். இம்பீடன்ஸ் 50 ஓம். வெறும் அழுத்தத்தில் நிற்பதால் சிக்னல் சற்றுக் கசியும் என்ற குறை இருந்தது. அதற்காகப் பூட்டு வளையமுள்ள வகையும் பின்னர் வந்தது.

இதன் பெரும்பயன் அடாப்டர்களில் இருந்தது. ஐந்து வகைக் கனெக்டர்கள் புழங்கும் ஆய்வகத்தில் ஆணும் பெண்ணுமாகப் பத்து முனைகள் உண்டு. எதையும் வேறு எவ்வகையோடும் நேரடியாகச் சேர்க்க 40 விதமான அடாப்டர்கள் தேவைப்படும். ஒவ்வொரு முனையிலிருந்தும் 874-க்கு மாற்றும் அடாப்டர் மட்டும் வைத்திருந்தால் பத்தே போதும். இரண்டை முதுகோடு முதுகாகச் சேர்த்தால் வேண்டிய இணை கிடைத்துவிடும். நிறுவனம் இவற்றுக்கு வைத்த பெயர்களிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. அடாப்டருக்கு ‘கியூ’, அதையடுத்து பி.என்.சி.க்கு ‘பி’ (B), என் வகைக்கு ‘என்’, யு.எச்.எஃப்.புக்கு ‘யு’, இறுதியில் பிளக்குக்கு ‘பி’ (P), சாக்கெட்டுக்கு ‘ஜே’. பட்டியலைப் பார்க்காமலே வேண்டியதைக் கேட்டு வாங்க முடிந்த காலம் அது. அட்டெனுவேட்டர், முடிவுத்தடை, தாமதக் கம்பி என ஒரு குடும்பமே இந்த வடிவில் வந்தது.

டெக்ட்ரானிக்ஸ் தன் சாம்ப்ளிங் வகைக் கருவிகளில் 874-ஐ ஏற்றது. ஆனால் 1960களின் தொடக்கத்தில் அது வெளியிட்ட 519 மாடலில் ஒரு விந்தை உண்டு. 1 கிகாஹெர்ட்ஸ் வரை காட்டிய இக்கருவியில் பெருக்கி கிடையாது. சிக்னல் நேரே படக்குழாயின் விலக்குத் தகடுகளுக்குப் போகும். அந்தப் பாதையின் இம்பீடன்ஸ் 125 ஓம். வாயில் இருந்ததோ 874 சாயலில் செய்த 125 ஓம் கனெக்டர். 50 ஓம் கேபிளை நேராக மாட்டினால் சிக்னலில் சுமார் 43 விழுக்காடு திரும்பிவிடும். இன்று இக்கருவி கைமாறும்போது, இதற்கென்று செய்த அடாப்டரும் கூடவே வந்தால் வாங்குபவர் பாக்கியசாலி.

ஜெனரல் ரேடியோ 1960களில் 14 மில்லிமீட்டர் அளவில் 900 என்ற மிகத் துல்லியமான கனெக்டரையும் செய்தது. அதுவும் ஆண்–பெண் பேதமற்றது. நிறுவனம் 1975-இல் ஜென்ராட் என்று பெயர் மாறியது.

பிற நாடுகள்

ஜெர்மனியின் ரோடே உண்டு ஷ்வார்ட்ஸ் ‘டெசிஃபிக்ஸ்’ என்ற ஆண்–பெண் பேதமற்ற கனெக்டரைப் பயன்படுத்தியது. பழைய ஜெர்மன் கருவிகள் பலவற்றில் இம்பீடன்ஸ் 60 ஓம். சோவியத் ஒன்றியம் பி.என்.சி.யைப் பார்த்து எஸ்.ஆர். வரிசையை உருவாக்கியபோது அங்குல அளவுகளை மில்லிமீட்டருக்கு மாற்றியதில் சிறு வேறுபாடு நுழைந்தது. இரண்டும் பொதுவாகச் சேரும், சில வேளை பலம் வேண்டும்.

துல்லியக் கனெக்டர்கள்

ஹியூலட்-பேக்கார்டும் ஆம்ஃபினாலும் 1960களில் உருவாக்கிய 7 மில்லிமீட்டர் ஏ.பி.சி.-7, 18 கிகாஹெர்ட்ஸ் வரை நம்பகமானது, பேதமற்றது. எஸ்.எம்.ஏ. என்ற வகை அப்படி அல்ல, மலிவானது, சிறியது, அடிக்கடி மாட்டிக் கழற்றுவதற்கென்று செய்யப்பட்டதும் அல்ல. இதற்குப் பின் வந்த 3.5 மில்லிமீட்டர் கனெக்டரும் 2.92 மில்லிமீட்டர் கனெக்டரும் எஸ்.எம்.ஏ.வோடு சேரும்படி வேண்டுமென்றே அமைக்கப்பட்டவை. இந்த இணக்கமே வம்பு. மலிவான எஸ்.எம்.ஏ. பிளக்குகள் சிலவற்றில் கேபிளின் நடுக்கம்பியையே வெட்டி ஊசியாக்குவார்கள். அது ஒரு மயிரிழை நீண்டாலும் விலையுயர்ந்த 3.5 மில்லிமீட்டர் வாயின் விரல்கள் சிதையும். இறுக்கும் அளவும் வேறு: பித்தளை எஸ்.எம்.ஏ.வுக்கு 0.56 நியூட்டன் மீட்டர், 3.5 மில்லிமீட்டருக்கு 0.9. கருவியின் வாயில் நிரந்தரமாக ஓர் அடாப்டரை மாட்டி வைத்து, தேயும்போது அதை மட்டும் மாற்றும் வழக்கம் இதனால் வந்தது. 1986 வாக்கில் வந்த 2.4 மில்லிமீட்டர் வகையை எஸ்.எம்.ஏ.வோடு சேராதபடியே வடிவமைத்தனர்.

உயர் மின்னழுத்தத்துக்கான எம்.எச்.வி. தோற்றத்தில் பி.என்.சி.யை ஒத்தது, பலம் கொடுத்தால் சில நேரம் அதனோடு சேர்ந்தும்விடும். ஆயிரம் வோல்ட்டைத் தாண்டும் இடத்தில் இது உயிருக்கே ஆபத்து. அணு இயற்பியல் ஆய்வகங்கள் பின்னர் எஸ்.எச்.வி.க்கு மாறின.

பின்புறக் கனெக்டர்கள்

ஹியூலட்-பேக்கார்டு தன் கருவிகளைக் கணினியோடு இணைக்க வகுத்த முறை 1975-இல் ஐ.இ.இ.இ. 488 என்ற தரமாயிற்று. அதன் கனெக்டருக்கு 24 முனைகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திருகலாம். ஐரோப்பியத் தரமான ஐ.இ.சி. 625 அதே முறைக்கு 25 முனை டி-வடிவக் கனெக்டரை வைத்தது. ஆர்.எஸ்.-232 தொடர்புக்கும் அதே வடிவம் புழங்கியதால், தவறிச் செருகினால் 5 வோல்ட் சுற்றில் 12 வோல்ட் பாய வழி உண்டாயிற்று.

488 கேபிளின் பக்கத் திருகுகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். முதலில் வந்தவை அங்குல மரை, பிறகு எம்3.5 மெட்ரிக் மரைக்கு மாற்றினார்கள். அடையாளத்துக்கு அங்குலத் திருகு வெள்ளி நிறம், மெட்ரிக் திருகு கறுப்பு. இரண்டும் முதல் ஒன்றிரண்டு சுற்று இசைந்துபோகும். அதற்கு மேல் முறுக்கினால் மரை போய்விடும். கறுப்பைக் கறுப்போடும் வெள்ளியை வெள்ளியோடும் சேர்க்கும்படி கையேடுகள் எச்சரித்தன. கனெக்டர் வரலாற்றில் நிறத்தைக்கொண்டு ஒரு சிக்கலைத் தீர்த்த மிக எளிய ஏற்பாடு இதுவாகலாம். நிறம் தேய்ந்த கேபிள்களுக்கு அது உதவாது.

மின்சாரக் கயிற்றில், ஹியூலட்-பேக்கார்டின் பழைய கருவிகளுக்கு நீள்வட்ட மூன்று ஊசி வாய் இருந்தது. 1970களில் இன்றைய கணினிகளில் காணும் ஐ.இ.சி. வகை அதன் இடத்தைப் பிடித்தது.

அண்மைக் காலம்

1969-இல் வந்த டெக்ட்ரானிக்ஸ் 7000 வரிசையில் பி.என்.சி. வாயைச் சுற்றி ஓர் உலோக வளையம் உண்டு. புரோபில் உள்ள சிறு ஊசி அதைத் தொட்டு, தான் சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் வகை என்று கருவிக்குத் தெரிவிக்கும். ஊசியில்லாத புரோபும் வேலை செய்யும், திரையில் காட்டும் அளவு மட்டும் பத்தில் ஒன்றாக இருக்கும். பிற்காலத்துப் புரோப்கள் மின்சாரத்தையும் தரவையும் சேர்த்தே கொண்டுசெல்வதால் நிறுவனத்துக்கு நிறுவனம் வாய் மாறுபடுகிறது. பாதுகாப்பு விதிகளை ஒட்டி வந்த உறையிட்ட பனானா பிளக்குகள் பழைய மீட்டர்களின் திறந்த சாக்கெட்டில் முழுமையாக ஏறுவதில்லை. அவற்றுக்கும் தனி அடாப்டர் விற்கப்படுகிறது.