நண்பர்களின் டிசம்பர் பயணமும் எட்டு டாலரும்

டிசம்பர் மூன்றாம் வாரம் வந்துவிட்டால் பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போகும் வாயு வஜ்ரா பஸ்களில் பெட்டிக்கு இடம் கிடைப்பது கஷ்டம். ஏறுகிறவர்களில் பலர் ஒன்றாகப் படித்த அல்லது ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிற நாலைந்து நண்பர்கள். பாங்காக், பாலி, ஜார்ஜியாவின் பனிமலை, கொஞ்சம் வசதியிருந்தால் ஐரோப்பா என்று போகிறார்கள். கையில் காசு புரள்கிறது, போகிறார்கள் என்று இதை ஒரே வரியில் முடிப்பவர்கள் உண்டு. அது பாதி விடைதான். குடும்பத்தை விட்டு நண்பர்களோடு ஏன், மே மாதத்தை விட்டு டிசம்பரில் ஏன் என்ற கேள்விகளுக்குக் காசு பதில் சொல்லாது. பெங்களூருவின் இந்தப் பழக்கத்தை உருவாக்கியவை இரண்டு: அந்நியச் செலாவணிச் சட்டம் தளர்ந்தது ஒன்று, மென்பொருள் கம்பெனிகளின் கடல் கடந்த வாடிக்கையாளரது விடுமுறைக் காலண்டர் இன்னொன்று.

இதற்கு முந்தைய பெங்களூருவைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். எச்.ஏ.எல். (1940), ஐ.டி.ஐ. (1948), எச்.எம்.டி. (1953), பி.இ.எல். (1954) என்று பொதுத்துறை ஆலைகள் வளர்த்த ஊர் அது. அங்கே நிரந்தர வேலையில் இருந்தவருக்கு விடுமுறைப் பயணம் என்றால் எல்.டி.சி. என்ற விடுப்புப் பயணச் சலுகைதான். அந்தச் சலுகை கணவன், மனைவி, குழந்தைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் ஆகியோரின் பயணக் கட்டணத்தைத் தரும். நண்பருக்கு அதில் இடமில்லை. இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும் என்பது அடுத்த நிபந்தனை. ஆகவே பிள்ளைகளின் கோடை விடுமுறையில், ரயிலில், காசிக்கோ கன்னியாகுமரிக்கோ போய்வருவது வழக்கமானது. இந்தச் சலுகையை வளைத்துப் பார்த்தவர்களும் உண்டு. ஸ்டேட் பாங்க் ஊழியர்கள் சிலர் டெல்லியிலிருந்து மதுரைக்குப் போக, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் எல்லாம் சுற்றிவிட்டு டெல்லி திரும்பி, எல்.டி.சி. கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. வெளிநாட்டுப் பயணத்துக்கு அந்த வரிவிலக்கு கிடையாது என்று 2022 நவம்பரில் தீர்ப்பு வந்தது. மதுரை மீனாட்சியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு மலேசியா பார்த்த அந்த சாமர்த்தியத்தை ரசிக்கலாம். ஆனால் தீர்ப்பில் குறை காண முடியாது.

சினிமாதான் ஆசையை மூட்டியது என்று ஒரு வாதம் அடிக்கடி வருகிறது. ஸ்பெயினில் மூன்று நண்பர்கள் சுற்றும் ‘ஜிந்தகி ந மிலேகி தோபாரா’ 2011இல் வந்தது. அதன்பிறகே நண்பர் பயணம் பரவியது என்பார்கள். ஆனால் தமிழர்களுக்கு இந்த ஆசை மூட்டப்பட்டு வெகுகாலமாகிறது. ஒசாகா எக்ஸ்போவைக் காட்டிய ‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973 மே மாதம் வெளியானது. அதே ஆண்டில்தான் ஃபெரா என்ற கடுமையான அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டமும் நிறைவேறி, 1974 ஜனவரி 1 முதல் அமலானது. திரையில் ஜப்பான் பார்த்த ரசிகர் கையில் ஜப்பான் போகும் டாலர் இல்லை. ரிசர்வ் வங்கியின் ‘பி ஃபாரம்’ இல்லாமல் டிக்கெட் வாங்க முடியாத காலம் ஒன்று இருந்தது. அந்நாளில் வெளிநாடு போனவர்களின் நினைவுக் குறிப்புகளில், எடுத்துச்செல்ல அனுமதித்த தொகையாகத் திரும்பத் திரும்ப வருவது எட்டு டாலர். வாங்கிய டாலரை பாஸ்போர்ட்டின் பக்கத்தில் பேனாவால் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நாலு பேர் சேர்ந்து உல்லாசமாகச் சுற்றிவர முடியாது. ஆசை இருந்தும் பழக்கம் உருவாகாததற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஃபெராவுக்குப் பதிலாக ஃபெமா என்ற தளர்வான சட்டம் 2000 ஜூன் முதல் வந்தது. சில ஆண்டுகளில் ஆண்டுக்கு 10,000 டாலர்வரை, ரிசர்வ் வங்கியைக் கேட்காமலே, சுற்றுலாவுக்கு வாங்கலாம் என்றாயிற்று. இந்தத் தளர்வு நாடு முழுமைக்கும் பொது. பெங்களூருவுக்குக் கூடுதலாக வாய்த்தது ‘ஆன்சைட்’, அதாவது வாடிக்கையாளரின் நாட்டுக்கே போய்ச் செய்யும் வேலை. இன்ஃபோசிஸ் 1983இல் புனேயிலிருந்து இங்கே குடிபெயர்ந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இல் வந்தது. தொண்ணூறுகளில் மென்பொருள் கம்பெனிகள் தங்கள் செலவில் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு விசா எடுத்து அனுப்பின. அமெரிக்க விசாவுக்கு ராத்திரி ரயிலோ பஸ்ஸோ பிடித்துச் சென்னை வந்து, ஜெமினி மேம்பாலத்தருகே கோப்பும் கையுமாக வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. (பெங்களூருவில் அமெரிக்கத் தூதரகக் கிளை திறக்கப்பட்டதே 2025 ஜனவரியில்தான், திறந்த அன்றும் விசா சேவை இல்லை.) வேலைக்காக ஒட்டிய அந்த விசா ஸ்டிக்கர் பிறகு வேறு கதவுகளையும் திறந்தது. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருக்கும் இந்தியரை ஜார்ஜியா தனி விசா கேட்காமல் விடுகிறது. துருக்கி இணையத்திலேயே அனுமதி தருகிறது. லுஃப்தான்ஸா 2001இல் பிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம் விட்டதும், 2008 மே மாதம் தேவனஹள்ளி நிலையம் திறந்ததும் இந்தத் தொழிலின் தேவையை நம்பித்தான். உல்லாசப் பயணி பின்னால் வந்து அதே இருக்கையில் உட்கார்ந்தார்.

டிசம்பர் எப்படி வந்தது என்பதும் இங்கேதான் இருக்கிறது. கர்நாடகப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை தசராவுக்கும் கோடைக்கும்தான். பிள்ளை குட்டி உள்ளவர்கள் அதை அனுசரித்தே போவார்கள். அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளரோ கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டுவரை அலுவலகத்தைப் பூட்டிவிடுகிறார். இங்கே பல டீம்களுக்கு வேலை ஓய்ந்துவிடுகிறது. எடுக்காத லீவு ஆண்டுக் கடைசியில் காலாவதியாகும் கம்பெனிகளும் உண்டு. சேலத்திலிருந்தோ விஜயவாடாவிலிருந்தோ வந்து, கோரமங்களாவில் பி.ஜி. விடுதியில் தங்கி வேலை பார்க்கும் கல்யாணமாகாதவருக்கு அந்த வாரத்தில் ஓய்வாக இருக்கும் ஆட்கள் யார்? ஊரிலிருக்கும் அண்ணனுக்கு லீவில்லை, அப்பாவுக்குக் குளிர் ஆகாது. அதே டீமில், அதே பி.ஜி.யில் இருக்கும் நண்பர்கள்தான் மிச்சம்.

மும்பை சுற்றுலா நிறுவனங்கள் சமையற்காரரையும் கூட்டிக்கொண்டு ஐரோப்பா காட்டவில்லையா என்று கேட்கலாம். காட்டின, ஆனால் அவை பெரும்பாலும் குடும்பங்களையும் ஓய்வுபெற்றவர்களையும் கோடையில் அழைத்துப் போனவை. இதெல்லாம் ஒரு சிறு கூட்டத்தின் கதைதானே என்ற ஆட்சேபம் இன்னும் கனமானது. பீன்யாவில் தைக்கும் பெண்ணுக்கும், இவர்களை விமான நிலையத்தில் இறக்கிவிடும் டாக்ஸி ஓட்டுநருக்கும் டிசம்பர் வேலை மாதம்தான். அதை மறுக்க முடியாது. ஆனால் சிறு கூட்டமானாலும் தொகை சிறிதல்ல. 1991இல் செலாவணி வற்றியபோது ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை அடகு வைத்துத் திரட்டியது ஏறத்தாழ 40 கோடி டாலர். 2023-24 நிதியாண்டில் இந்தியாவிலிருந்து தனிநபர்கள் பயணத்துக்காக வெளிநாட்டுக்கு அனுப்பியது சுமார் 1,700 கோடி டாலர்.