காசில்லாத விடுமுறை

கல்லூரிக்குக் கோடை விடுமுறை விட்டதும் மாணவனுடைய மனம் எங்கெங்கோ பறக்கத் தொடங்குகிறது. நாலு நண்பர்கள் சேர்ந்து, கையில் கொஞ்சம் பணமும் இருந்துவிட்டால், அநேகமாக அந்த மனம் ஒரு மலைமீது போய்த்தான் உட்காருகிறது. போகிறவர்கள் குளிர்ந்த காற்றை வாங்கிக்கொள்கிறார்கள். பதிலுக்குக் குப்பையைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலில் மலைக்கு எப்போதும் நஷ்டந்தான்.

விடுமுறையை இயற்கைக்குத் தீங்கில்லாமல் கழிப்பது எப்படி என்று இந்நாளில் மாணவர்களுக்கு நிறைய உபதேசம் செய்கிறார்கள். துணிப்பை எடுத்துக்கொண்டு போ, தண்ணீரை அளந்து செலவிடு, பிளாஸ்டிக்கைத் தொடாதே என்கிறார்கள். எல்லாம் நல்ல உபதேசங்களே. ஆனால் உபதேசத்தைக் காட்டிலும் நடந்த கதைக்கு வலிமை அதிகம் அல்லவா? 1974-ஆம் ஆண்டுக் கோடையில் ஹிமாலயத்தில் சில வாலிபர்கள் நடந்தே எழுதிய சரித்திரம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது உத்தரகண்டம் தனி மாநிலமாகவில்லை. உத்தரப் பிரதேசத்தின் வடக்கு ஓரத்து மலை ஜில்லாக்களாகவே இருந்தது. கிழக்கே குமாவூன், மேற்கே கார்வால். மலை நிறையத் தேவதாருவும் ஓக்கும் பைனும் இருந்தன. ஆனால் மலையில் பிறந்தவனுக்கு அவற்றின்மீது இருந்த உரிமை சொற்பம். காடு சர்க்காருடையது. சர்க்கார் மரங்களை ஏலம் போடும்; கண்டிராக்டர் ஏலம் எடுப்பார்; மரமும் பிசினும் சமவெளிக்கு இறங்கிப் போகும். அவற்றின் பின்னாலேயே மலையின் ஆண்மக்களும் வேலை தேடி இறங்கிப் போனார்கள். பட்டாளத்திலிருந்தும் நகரத்து ஹோட்டல்களிலிருந்தும் மாதாமாதம் மணியார்டர் வரும். விறகும் புல்லும் தண்ணீரும் சுமப்பது மலையில் தங்கிவிட்ட பெண்களின் பாடு.

1970 ஜூலையில் அலகநந்தா நதியில் பெருவெள்ளம் வந்தது. பாலங்களும் பஸ்களும் வீடுகளும் அதில் போயின. மேலே மரம் போனதற்கும் கீழே வெள்ளம் வந்ததற்கும் சம்பந்தம் உண்டென்று மலைவாசிகள் உணரத் தொடங்கினார்கள். 1973-ல் மண்டல் என்ற கிராமத்தின் அருகே, ஏர்க்கருவிக்கென்று ஜனங்கள் கேட்டுக் கிடைக்காத மரங்களை ஒரு விளையாட்டுச் சாமான் கம்பெனிக்கு ஒதுக்கினார்கள். கலப்பைக்கு இல்லாத மரம் மட்டைக்கு இருந்தது! மரத்தைக் கட்டியணைத்து நின்று காப்போம் என்ற 'சிப்கோ' இயக்கம் அங்கே உருவெடுத்தது. 1974 மார்ச் 26-ந் தேதி, ஆண்கள் ஊரில் இல்லாத சமயம் பார்த்து மரம் வெட்ட வந்தவர்களை ரேணி கிராமத்துக் கௌரா தேவியும் மற்றப் பெண்களும் வழிமறித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

இது நடந்த இரண்டாவது மாதத்தில் கல்லூரிகளுக்கு விடுமுறை வந்தது. சர்வோதயத் தொண்டரான சுந்தர்லால் பகுகுணா, விடுமுறையைக் கிராமங்களின் வழியே நடந்து கழிக்கும்படி மாணவர்களைத் தூண்டினார். அவரும் மாதக்கணக்கில் மலைப் பாதைகளில் நடந்தவரே. ஷம்ஷேர் சிங் பிஷ்ட், சேகர் பாடக் என்ற இருவர் குமாவூன் பக்கத்தவர்கள். குன்வர் பிரசூன், பிரதாப் சிகர் என்ற இருவர் கார்வால் பக்கத்தவர்கள். இந்த நால்வரும் வேறு தோழர்களும் கிளம்பினார்கள். நேபாள எல்லையை ஒட்டிய அஸ்கோட்டிலிருந்து ஹிமாசலப் பிரதேச எல்லையை ஒட்டிய ஆராகோட் வரையில், மலைநாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பதென்று திட்டம்.

புறப்பட்ட நாள் மே 25. ஸ்ரீதேவ் சுமனுடைய பிறந்த நாள் அது. டேரி சமஸ்தானத்துச் சிறையில் 84 நாள் உண்ணாவிரதம் இருந்து 1944-ல் உயிர் துறந்த தியாகி அவர். அந்த நாளைத் தேர்ந்துகொண்டதிலிருந்தே அவர்கள் உல்லாசப் பிரயாணம் போகவில்லை என்பது தெரிகிறது. சுமார் 45 நாள், 700 கிலோமீட்டருக்கும் மேலாக நடந்தார்கள். கோடையில் தொடங்கிய நடை மழைக் காலத்தில் போய் முடிந்தது.

இவ்வளவிலும் என் மனத்தைப் பிடித்து நிறுத்துவது அவர்கள் வைத்துக்கொண்ட ஒரு விதிதான். கையில் காசு கொண்டுபோகக் கூடாது. ஊரார் இடுகிற சோற்றை உண்டு, ஊரார் காட்டுகிற இடத்தில் படுத்துக்கொள்ள வேண்டும்.

கேட்பதற்கு இது துறவியின் விதிபோல் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால், கல்வியின் விதி என்றே சொல்ல வேண்டும். சட்டைப்பையில் பணம் இருக்கிறவன் பஸ்ஸில் ஏறுவான், கடையில் சாப்பிடுவான், கிராமத்தை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போய்விடுவான். பணம் இல்லாதவன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும். அந்த வீட்டில் புருஷன் டில்லியில் இருப்பான். மாமியாரும் மருமகளும் குழந்தைகளும் இருப்பார்கள். அவர்கள் கொடுப்பது மண்டுவா ரொட்டியாக இருக்கும். மண்டுவா என்பது வேறொன்றுமில்லை, நம்முடைய கேழ்வரகுதான். அதைச் சுட்டெடுத்த விறகுக்காக அந்தப் பெண் எத்தனை தூரம் நடந்தாள் என்பது அடுப்பங்கரையில் உட்கார்ந்தால் தானே தெரிந்துவிடும். அந்த ரொட்டியைத் தின்றவனால், காடு என்ற வார்த்தையைப் பாடப் புத்தகத்து வார்த்தையாக அப்புறம் நினைக்க முடியுமா?

இங்கே ஒரு கேள்வி எழும். இல்லாதவர் வீட்டுச் சோற்றைப் படித்த பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வது நியாயமா? நியாயமான கேள்விதான். விலை கொடுத்து உண்டவனுக்கு, காசை வைத்துவிட்டு எழுந்ததோடு கணக்கு முடிந்தது. விருந்தாளியாக உண்டவனுக்குக் கடன் முடிவதில்லை. அந்தக் கடனை அவர்கள் எப்படித் தீர்க்க முயன்றார்கள் என்பதைக் கொண்டுதான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

முயன்றது உண்மை. நடந்து திரும்பிய வாலிபர்கள் காட்டு ஏலங்களை எதிர்த்துக் கிளம்பினார்கள். குமாவூனில் மாணவர்களே சிப்கோவின் முதுகெலும்பானார்கள். 1977 நவம்பரில் நைனிதாலில் ஏலத்தை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி, அந்த ஊர்க் கிளப் கட்டடம் தீக்கிரையாகும் அளவுக்கு முற்றியது. கார்வால் பக்கத்து இருவரும் மரங்களைக் காக்கும் போராட்டங்களில் முன்னின்றார்கள். சேகர் பாடக் சரித்திரப் பேராசிரியராகி, சிப்கோவின் வரலாற்றை ஹிந்தியில் விரிவாக எழுதி 2019-ல் வெளியிட்டார். 1980-களின் தொடக்கத்தில், ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் பச்சை மரங்களை வெட்டுவது 15 ஆண்டுகளுக்கு நிறுத்தப்பட்டது.

எல்லாம் சுபம் என்று கதையை முடித்துவிட முடியவில்லை. கிராமத்தார் கேட்டது மரத்துக்குக் காவல் மட்டும் அல்ல; காட்டில் தங்களுக்கு உரிமையும், மலையிலேயே பிழைப்பும் கேட்டார்கள். காவல் வந்த அளவுக்கு உரிமை வரவில்லை. 2000-ல் தனி மாநிலம் பிறந்தது; அப்படியும் ஜனங்கள் கீழே இறங்கிப் போவது நிற்கவில்லை. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி, உத்தரகண்டத்தில் குடியிருக்க ஆளே இல்லாத கிராமங்கள் ஆயிரத்துக்கும் மேல். தட்டினால் திறப்பதற்கு ஆள் இல்லாத கதவுகள்!

ஆனாலும் நடை நிற்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை, அதே மே 25-ல் தொடங்கி, 1984, 1994, 2004, 2014, 2024 என்று மேலும் ஐந்து முறை நடந்திருக்கிறார்கள். பழைய ஆட்களுக்கு நரை விழுந்தது. பகுகுணா 2021-ல் மறைந்தார். புதிய வாலிபர்களும் யுவதிகளும் சேர்ந்துகொண்டார்கள். பத்தாண்டில் எந்த ஊற்று வற்றியது, எந்த ஊருக்கு ரோடு வந்தது, எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஒவ்வொரு முறையும் ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். மலைநாட்டைக் கால்களால் எடுக்கும் கணக்கு இது.

இயற்கைக்கு இசைந்த வாழ்வு என்பது எதையெல்லாம் விட்டுவிடுவது என்ற பட்டியலில் தொடங்குவதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த வாலிபர்கள் விட்டது ஒன்றே ஒன்று, காசு. அதை விட்டதும் மற்றவை தாமாகவே விட்டுப்போயின: வண்டி, கடைச்சாப்பாடு, மூட்டை முடிச்சு. அவற்றின் இடத்தில் மனிதர்கள் வந்தார்கள்.

முறைப்படி அடுத்த நடை 2034-ல் வரவேண்டும். இன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அப்போது கல்லூரியில் இருப்பார்கள். அவர்கள் போய்த் தட்டும்போது கதவைத் திறக்க அந்த வீடுகளில் யாராவது இருக்க வேண்டும்.