வளர்ப்பு மகளும் பதிவேடும்
பினாங்கில் ஒரு வரலாற்று நோக்கு

பாரதத்தில் கர்ணனைப் பற்றிப் படிக்கின்றவர்கள் அவனுடைய கொடையையும் வீரத்தையுமே பெரிதும் போற்றுவர். அவன் வாழ்வின் பெருந்துயரமோ வேறு. தேரோட்டியின் மகனாகவே வளர்ந்தவன், போர் தொடங்கவிருக்கும் வேளையில், தன்னைப் பெற்றவள் குந்தி என்பதை அறிகின்றான். அறிந்த பின்னும், பாலூட்டி வளர்த்த இராதையின் அன்பை அவன் மறக்கவில்லை. பெற்றவரை அறிதல் வேறு, வளர்த்தவரைத் துறத்தல் வேறு என்பதற்கு இஃது ஒரு நற்சான்று.

மலாயாவில் இத்தகைய நிலைக்கு ஆளான பெண்கள் பலர் இருந்தனர். பினாங்கில் சுங்கை பினாங் போன்ற பகுதிகளில் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் அடுத்தடுத்து வாழ்ந்து வந்தனர். சென்ற நூற்றாண்டின் முற்பாதியில், நகரங்களிலும் தோட்டப்புறங்களிலும், சீனக் குடும்பங்களிற் பிறந்த பெண் குழந்தைகளைத் தமிழர் எடுத்து வளர்த்தல் பரவலாக இருந்தது. வறுமை அதற்கு முதற்காரணம். ஆண்மகவையே வேண்டிய மனப்பான்மை மற்றொன்று. புலி ஆண்டிற் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாள் என்ற சீனர் நம்பிக்கையும் உடன் சேர்ந்தது. 1926, 1938, 1950 ஆகியன புலி ஆண்டுகளாம். 1941 டிசம்பரில் தொடங்கிய ஜப்பானியர் ஆட்சி தந்த பசியும் அச்சமும் இந்நிலையை மேலும் கடுமையாக்கின.

பிள்ளையில்லாத தமிழ்த் தாய்க்கு அக்குழந்தை செல்வமாயிற்று. அவள் தமிழ் பேசி, பொட்டிட்டு, தமிழர் வீட்டிலேயே மணம் புரிந்து, தமிழச்சியாகவே வாழ்ந்தாள். இவையெல்லாம் பெரும்பாலும் வாய்ச்சொல்லால் நடந்தவை. எழுத்து இல்லாமையால், பின்னாளில் தேடுவோர்க்குச் சுவடும் இல்லாது போயிற்று.

பிள்ளைகள் கைமாறுவதை அரசு கவனிக்கத் தொடங்கியது வேறொரு காரணத்தால். விலைக்கு வாங்கப்பட்டு வீட்டுவேலை செய்த ‘மூய் சாய்’ எனப்பட்ட சீனச் சிறுமியரின் நிலையை ஆராய 1936இல் ஒரு குழு அமைந்தது. மறு ஆண்டு அதன் அறிக்கை வெளிவந்தது. அக்குழுவின் உறுப்பினரான ஈடித் பிக்டன்-டர்பர்வில் அம்மையார் தனியறிக்கை எழுதி, வேலைக்கென வந்த சிறுமியர்க்கு மட்டுமன்றி, கைமாறிய பெண் குழந்தைகள் யாவர்க்கும் பாதுகாப்பு வேண்டும் என்று வாதிட்டார்.

பின்னர் 1952இல் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று நீதிமன்றத்தின் வழியாகத் தத்தெடுப்பது. இது முஸ்லிம் அல்லாதார்க்கு உரியது. மற்றொன்று, ஏற்கெனவே இரண்டாண்டுகளுக்குக் குறையாமல் வளர்த்து வரும் பிள்ளையைப் பதிவு செய்துகொள்வது. முதல் வழியில், பழைய பிறப்புப் பதிவுக்கும் புதிய தத்துப் பதிவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஏடு தனியே காக்கப்படுகின்றது. நீதிமன்ற ஆணையின்றி அதனைக் காணவியலாது. ஆகவே, வாய்ச்சொல்லால் வளர்ந்தவர்க்கு ஏடே இல்லை. சட்டப்படி வளர்ந்தவர்க்கு ஏடு உண்டு, ஆனால் பூட்டியிருக்கின்றது.

இங்கிலாந்திலும் நெடுங்காலம் இதுவே வழக்கம். 1975ஆம் ஆண்டுச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பிய தத்துப் பிள்ளைகள் தம் முதற் பிறப்புப் பத்திரத்தைப் பெறும் உரிமையை அங்கே வழங்கியது. மலேசியாவிலோ பிறப்புண்மை குடியுரிமையையும் தொட்டு நிற்கின்றது. கைவிடப்பட்டுக் கண்டெடுக்கப்படும் பச்சிளங்குழந்தை, மாறாகச் சான்று இல்லாதவரை, அவ்விடத்தில் நிலையாக வாழும் ஒரு தாய்க்கு அங்கேயே பிறந்ததாகக் கொள்ளப்படும் என்று அரசியலமைப்பு கூறுகின்றது. பெற்றோர் யாரெனத் தெரியாத ஒரு தத்துப் பிள்ளைக்கு இவ்விதி துணைநிற்கும் என்பதைக் கூட்டரசு நீதிமன்றம் 2021இல் ஏற்றது.

நடுவயதில் உண்மை அறிந்த ஒருவர் பெற்றவரைத் தேடப் புறப்பட்டால், ‘வளர்த்த கடனை மறந்தாள்’ என்று ஊரார் பழிப்பதுண்டு. இது நேரிதன்று. தன் முகம் யாருடைய முகம் என்று கேட்பது நன்றி மறத்தலாகாது. கர்ணன் தன் பிறப்பை அறிந்தான். ஆயினும் இராதையின் மகனாகவே நின்றான்.

1938ஆம் ஆண்டுப் புலிக் குழந்தைகள் இன்று எண்பத்தைந்தைக் கடந்தவர்கள். அவர்களை மடியில் ஏந்தி வந்த தாய்மார் மறைந்துவிட்டனர். அண்டை வீட்டார் எவரேனும் எஞ்சியிருந்தால், எந்தத் தெரு, எந்த ஆண்டு, யார் கையிலிருந்து வாங்கியது என்பவற்றை அவர்கள் வாயிலிருந்து கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். தமிழாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு இப்பணியைச் செய்விக்கலாம். அரசின் ஏடு இல்லாத இடத்தில், பாட்டியின் சொல்லே பதிவேடு.